மீனுக்கும் மூச்சு வேண்டும்
குளத்து நீரில் காற்றோட்டமும் எமது மீன்பிடியும்

இடம்பெயர்ந்த ஒரு விவசாயக் குடும்பம் தன் வயலுக்குத் திரும்பப் பல ஆண்டுகள் செல்லலாம். திரும்பிய பின்பும் காடு வெட்டி, கிணறு இறைத்து, வரம்பு கட்டி முதல் விளைச்சலைக் காண மேலும் காலம் எடுக்கும். இந்த இடைக்காலத்தில் பிள்ளைகளின் தட்டில் புரதத்தையும் கையில் சிறிது பணத்தையும் தரக்கூடியவற்றுள் குளத்து மீன் முக்கியமானது. மாரியில் நிரம்பிய சிறு குளத்தில் மார்கழி, தை மாதங்களில் விடப்படும் மீன்குஞ்சு, நீர் வற்றும் ஆடி, ஆவணி மாதங்களில் பிடிக்கும் அளவுக்கு வளர்ந்துவிடும். இதற்குச் சொந்த நிலம் தேவையில்லை. ஊர்ச் சம்மதமும் கூட்டு முயற்சியும் இருந்தால் போதும்.

ஆனால் ஏழெட்டு மாத உழைப்பு ஒரே இரவில் அழிந்து போவதும் உண்டு. மாலையில் துள்ளிய மீன் காலையில் வயிறு மேலாக மிதக்கும். இன்னொரு புறம், குளம் நிறைய மீன் இருந்தும் தூண்டிலில் ஒன்றும் படாத நாட்களும் உண்டு. பல வேளைகளில் இவ்விரண்டுக்கும் காரணம் ஒன்றே: நீரில் கரைந்திருக்கும் ஒட்சிசன், அதாவது பிராணவாயு. அதை மீன் எவ்வாறு உணர்ந்து நடந்துகொள்கிறது, நாம் அதை எவ்வாறு கூட்டலாம், அதனால் மீன்பிடி எவ்வாறு மாறும் என்பவற்றை இப்பாடத்தில் பார்ப்போம்.

யாழ். குடாநாட்டிலிருந்து 1995இல் வன்னிக்கு வந்தவர்களில் பலர் கிணற்றுப் பாசனத்தையும் கடல் மீனையும் அறிந்தவர்கள். குளம் அவர்களுக்குப் புதிது. வன்னியில் பிறந்து வளர்ந்தவர்கள் குளத்தை அறிந்தவர்கள். ஆனால் மீன் வளர்ப்பு அவர்களுக்கும் புதிதாக இருக்கலாம். எனவே இரு சாராரும் சேர்ந்து படிக்கத் தக்கதாகவே இதனை எழுதுகின்றோம்.

1. நீரில் காற்று எவ்வளவு?

நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஒட்சிசன். ஒரு லீற்றர் காற்றில் ஏறக்குறைய 270 மில்லிகிராம் ஒட்சிசன் இருக்கும். எமது கோடைக்காலக் குளத்து நீர், 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில், ஒரு லீற்றருக்குச் சுமார் 7.5 மில்லிகிராம் ஒட்சிசனையே இயல்பாகத் தாங்கும். நமக்குக் கிடைப்பதில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு கூட மீனுக்கு இல்லை. அதனால்தான் மீன் ஓயாது வாயைத் திறந்து மூடி, பூவின் வழியே நீரைச் செலுத்திக்கொண்டிருக்கிறது.

இன்னுமொரு சிரமம் உண்டு. நீர் சூடாகும்போது அது தாங்கும் ஒட்சிசன் குறைகிறது. அதே வேளை, சூட்டில் மீனின் உடல் கேட்கும் ஒட்சிசன் கூடுகிறது. வரவு குறையும் நாளிலேயே செலவு கூடுகிறது.

லீற்றருக்கு 5 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருந்தால் மீன் நன்றாகத் தின்று வளரும். 3 மில்லிகிராமுக்குக் கீழே போனால் தீனியைக் குறைக்கும், சோரும். 1 மில்லிகிராமுக்குக் கீழே சிறிது நேரம் நின்றாலே கட்லா, ரோகு, மிருகால் போன்ற கெண்டை இனங்கள் சாகத் தொடங்கும். திலாப்பியா இவற்றைவிடத் தாக்குப்பிடிக்கும். 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட இம்மீன் எமது குளங்களில் நிலைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். விரால், சுங்கான், பனையேறிக் கெண்டை ஆகியன மேலே வந்து வெளிக்காற்றையும் நேரே உள்ளெடுக்க வல்லவை. அதனாலேயே வற்றிய குளத்துச் சேற்றிலும் அவை உயிரோடு கிடக்கின்றன.

2. குளத்தின் பகலும் இரவும்

குளத்து நீருக்கு ஒட்சிசன் இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று, காற்று வீசி அலை எழும்போது மேற்பரப்பினூடாக. மற்றது, நீரைப் பச்சையாக்கும் நுண்பாசி வெயிலில் ஒளித்தொகுப்புச் செய்யும்போது. இந்தப் பாசியே மீனுக்கு நேரடியாகவும் மறைமுகமாகவும் உணவு.

சூரியன் மறைந்ததும் பாசி ஒட்சிசனை உண்டாக்குவதை நிறுத்திவிடும், சுவாசிப்பதை நிறுத்தாது. இரவு முழுவதும் பாசி, மீன், அடிச்சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் ஆகிய அனைத்தும் பகல் சேமிப்பிலிருந்தே எடுக்கின்றன. ஆகவே ஒட்சிசன் மிகக் கூடியிருப்பது பிற்பகல் 2 மணி தொடக்கம் 4 மணி வரை. மிகக் குறைந்திருப்பது விடிவதற்குச் சற்று முன்.

ஆழமான இடங்களில் இன்னொரு வேறுபாடும் உண்டு. காற்றில்லாத வெயில் நாட்களில் சூடேறிய நீர் மேலே நிற்கும், குளிர்ந்த நீர் கீழே தங்கும், இரண்டும் கலக்காது. கீழ் அடுக்கில் அழுகல் நடப்பதால் அங்கு ஒட்சிசன் தீர்ந்துபோகும். மீன் மேல் அடுக்கிலேயே வாழும். சோழகம் பலமாக வீசும் மாதங்களில் ஆழம் குறைந்த குளங்கள் அடி வரை கலந்துவிடுவதால் இந்தச் சிக்கல் குறைவு.

3. அவதானமாக இருக்க வேண்டிய நாட்கள்

(அ) நீர் கடும் பச்சையாக இருக்க, இரண்டு மூன்று நாட்கள் தொடர்ந்து மப்பும் மந்தாரமுமாக, காற்றும் இல்லாதிருத்தல்.
(ஆ) பச்சையாக இருந்த நீர் திடீரெனக் கபிலமாக அல்லது சாம்பல் நிறமாக மாறுதல். பாசி செத்து அழுகுகிறது என்பது இதன் பொருள்.
(இ) நீண்ட வெயிலுக்குப் பின் இடி மழை. குளிர்ந்த மழைநீர் கீழிறங்கி, கெட்ட அடிநீரை மேலே கிளப்பும். அலைகரையிலிருந்து சாணமும் சருகும் சேர்ந்து வரும்.
(ஈ) சல்வீனியா, ஆகாயத்தாமரை என்பன நீர்ப்பரப்பை மூடுதல். காற்றும் வெளிச்சமும் இரண்டும் தடைப்படும்.
(உ) களைநாசினி அடித்துச் செடிகளை ஒரே நேரத்தில் நீரிலேயே அழுகவிடுதல்.
(ஊ) ஆவணி, புரட்டாதியில் நீர் வற்றி, எல்லா மீனும் ஒரு மடுவில் ஒதுங்குதல்.
(எ) தவிடு, பிண்ணாக்கு, சாணம் என்பவற்றை அளவுக்கு மீறிப் போடுதல்.

பச்சை நீரைச் சோதிக்கக் கருவி வேண்டியதில்லை. கையை நீட்டி மெதுவாக நீருள் விடுங்கள். மணிக்கட்டு நனையும் முன்பே விரல் நுனி மறைந்தால் பாசி மிகையாகிவிட்டது. தீனியையும் உரத்தையும் நிறுத்துங்கள். மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் இடையில் மறைந்தால் நல்லது. சேற்றால் கலங்கிய நீருக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

4. மீன் காட்டும் அடையாளங்கள்

முதலாம் கட்டம்: மீன் தீனிக்கு வராது. பூவை வழக்கத்தைவிட வேகமாக அடிக்கும். ஆழத்தை விட்டு விளிம்புக்கும், நீர் வந்து விழும் வாய்க்கால் முகப்புக்கும் நகரும்.

இரண்டாம் கட்டம்: விடியற்காலையில் மேற்பரப்பில் கூட்டமாக நின்று வாயால் மேல்நீரை உறிஞ்சும். காற்றோடு தொட்டிருக்கும் அந்த மெல்லிய படையில்தான் ஒட்சிசன் மிஞ்சியிருக்கும். கைதட்டினால் கீழே ஓடிப் பின்பு மீண்டும் வந்தால், இன்னும் நேரம் இருக்கிறது.

மூன்றாம் கட்டம்: கைதட்டினாலும் நிழல் விழுந்தாலும் ஓடாது. இறாலும் நத்தையும் கரையோரச் செடிகளில் ஏறும். பெரிய மீன்கள் சரிந்து நீந்தும். இது உடனே செயற்பட வேண்டிய வேளை.

மேலே வந்து வாய் திறக்கும் மீனைக் கண்டு, பசிக்கிறது என்று எண்ணித் தவிடு வீசுவோர் உண்டு. அது நிலைமையை மேலும் மோசமாக்கும். தின்னாத தவிடு அழுகி மிஞ்சியிருக்கும் ஒட்சிசனையும் எடுத்துவிடும்.

5. நஞ்சா, மூச்சுத்திணறலா?

காலையில் மீன் செத்து மிதந்தால் கரையில் முதலில் எழும் கேள்வி, “யார் மருந்து போட்டது?” என்பதே. குளத்தைப் பழைய ஊரவரும் இடம்பெயர்ந்து வந்தவரும் பகிர்ந்துகொள்ளும் இடங்களில் இந்தக் கேள்வி பெரும் பகையாக வளரக்கூடியது. எவர் மீதும் பழி சுமத்துமுன் பின்வருவனவற்றைப் பாருங்கள்.

மூச்சுத்திணறலாயின்: சாவு பெரும்பாலும் பின்னிரவிலும் விடியலிலும் நடக்கும். பெரிய மீன்கள் முதலில் சாகும். சின்னஞ்சிறு மீன்கள் தப்பியிருக்கும். விராலும் சுங்கானும் உயிரோடிருக்கும். செத்த மீனின் வாயும் செவுள்மூடியும் அகல விரிந்திருக்கும். நீர்ப்பூச்சிகள் ஓடித்திரியும். முதல் நாட்களில் மப்பு, மழை அல்லது நீர் நிற மாற்றம் இருந்திருக்கும்.

நஞ்சாயின்: சாவு எந்நேரத்திலும் தொடங்கலாம். சிறு மீன், பெரு மீன் என்ற வேறுபாடு இராது. சிறியவை முன்னே சாவதும் உண்டு. விரால், தவளை, நீர்ப்பூச்சி முதலியனவும் சேர்ந்து சாகும். வயலில் கிருமிநாசினி அடித்து அந்த நீர் குளத்துள் வடிந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இவை முடிவான சாட்சியல்ல. ஆனால் வாய்ச்சண்டை தொடங்குமுன் பத்து நிமிடம் பொறுத்துப் பார்க்க இவை போதும். எக்காரணமாயினும் செத்து மிதந்த மீனை உண்ணவோ விற்கவோ வேண்டாம்.

6. காற்றூட்டும் வழிகள்

காற்றூட்டல் என்றதும் மின்சாரமும் பெரும் இயந்திரமும் நினைவுக்கு வரும. புத்தளம் மாவட்டத்து இறால் பண்ணைகளில் துடுப்புச் சக்கரங்கள் நீரை அள்ளி வீசுவதைச் சிலர் கண்டிருப்பீர்கள். அவை செய்வது ஒன்றே: நீரைத் துளிகளாக உடைத்து வெளிக்காற்றைத் தொடவைப்பது. துளி சிறிதானால் தொடும் பரப்பு கூடும். இதனை விளங்கிக்கொண்டால் கையிலுள்ளதைக் கொண்டே செய்யலாம். 2022இன் எரிபொருள் தட்டுப்பாட்டை அனுபவித்த எமக்கு, எண்ணெய் வேண்டாத வழிகளே முதலில் வர வேண்டும்.

காற்றுக்கு வழி விடுதல்: மிதக்கும் களைகளைக் கையால் இழுத்து, சோழகம் வீசும் திசையில், தென்மேற்கிலிருந்து வடகிழக்கு நோக்கி அகலமான பாதையாகத் திறந்துவிடுங்கள். சிறிது சிறிதாக, பல நாட்களில் செய்யுங்கள். இழுத்த களையைக் கரையில் குவித்துக் கூட்டெரு ஆக்கலாம். நீரில் அழுக விடாதீர்கள்.

விழவைத்தல்: குளத்துக்கோ வளர்ப்புத் தொட்டிக்கோ நீர் வரும் இடத்தில் கற்களைப் படிபோல அடுக்குங்கள். ஓர் அடி உயரத்திலிருந்து கல்லில் சிதறி விழும் நீர், குழாய்வழி அமைதியாக வரும் நீரைவிட அதிக ஒட்சிசனைக் கொண்டுவரும். கிணற்று நீரில் ஒட்சிசன் பொதுவாகக் குறைவு. அதனைச் சிதறவிட்டே சேர்க்க வேண்டும்.

நீரிறைக்கும் இயந்திரம்: தோட்டத்துக்கு இறைக்கும் 2 அங்குல இயந்திரமே போதும். உறிஞ்சு குழாயை ஒரு வெற்றுக் கலனில் கட்டி மேல்நீரில் மிதக்கவிடுங்கள், சேற்றைத் தொடக்கூடாது. வெளிவரும் நீரை ஆணியால் துளையிட்ட தகரத்தின் மேல் பாயவிட்டு, மழைபோல் குளத்திலேயே விழவையுங்கள். இதனால் முழுக் குளத்துக்கும் ஒட்சிசன் கிடைக்காது. ஆனால் ஒரு மூலை நல்ல நீராகும். மீன்கள் அங்கு வந்து ஒதுங்கும். அந்த ஒதுக்கிடமே மீனைக் காப்பாற்றும். பின்னிரவு 2 அல்லது 3 மணிக்குத் தொடங்கி, வெயில் ஏறி ஒன்றிரண்டு மணித்தியாலம் வரை ஓட்ட வேண்டும். விடியுமுன் நிறுத்தினால், அங்கு கூடிய மீன் முழுவதும் ஒரே இடத்தில் திணறும்.

நல்ல வெயில் நாளின் பிற்பகலில் ஒட்சிசன் சேர்ப்பதற்காக இயந்திரம் ஓட்டுவது எண்ணெய்ச் செலவு மாத்திரமே. அப்போது மேல்நீரில் ஒட்சிசன் நிறைந்திருக்கும். கிளறினால் வெளியே போகவும் கூடும்.

குமிழி விடும் கருவி: அடியிலிருந்து காற்றுக் குமிழிகளை விடும் கருவி கிடைக்குமாயின், சிறு குமிழிகளே நல்லவை. நெடுநாள் கலங்காதிருந்த ஆழமான குளத்தில் முதல் நாளே நீண்ட நேரம் ஓட்ட வேண்டாம். கெட்ட அடிநீர் ஒரேயடியாக மேலே கலந்து, காக்க வந்த கருவியே மீனைக் கொல்லும். முதல் நாள் அரை மணித்தியாலம், அடுத்த நாள் ஒரு மணித்தியாலம் என்று கூட்டிச் செல்லுங்கள்.

7. மீன்பிடி எவ்வாறு மாறுகிறது?

காற்றோட்டம் நல்ல குளத்தில் மீன் எங்கும் பரவி, தேடித் தின்னும். காற்றோட்டம் கெட்ட குளத்தில் மீன் ஓரிடத்தில் கூடும், தின்னாது. இவ்விரண்டு வாக்கியங்களையும் மனதிற் கொண்டால் மற்றவை தாமே விளங்கும்.

தூண்டில்: கடலோரத்தவர் விடியலையே நல்ல வேளை என்பர். கடும் பச்சையான குளத்தில் விடியல் நல்ல வேளையல்ல. மீன் அப்போது மூச்சுக்காகவே அந்தரப்படுகிறது. காலை 8, 9 மணிக்குப் பின் வெயில் ஏற ஏற இரை எடுக்கத் தொடங்கும். மாலையிலும் நன்கு எடுக்கும். தெளிந்த, காற்று வீசும் குளத்தில் விடியலிலும் பிடிக்கலாம். காற்று மோதும் கரையில் அலை உடைவதால் ஒட்சிசனும், ஒதுங்கி வரும் நுண்ணுணவும் கூடியிருக்கும். காற்றுக்கு முகம் கொடுத்து நிற்பது சிரமமாயினும் தூண்டில் போட அதுவே இடம்.

இயந்திரம் ஓடும் மூலை: அங்கு மீன் கூடுவது இரண்டு காரணங்களால். நீர் கெட்டதால் ஒதுங்கியிருக்கலாம். அல்லது நீரோட்டம் அள்ளிவரும் இரையைத் தின்ன வந்திருக்கலாம். ஒரு பிடி தவிட்டை வீசாமல், ஒரு சிட்டிகை மட்டும் போட்டுப் பாருங்கள். பாய்ந்து தின்றால் தூண்டில் போடலாம்; நீரோட்டத்தின் நடுவைவிட அதன் விளிம்பு நல்லது. தின்னாவிட்டால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு, இயந்திரத்துக்கு எண்ணெய் இருக்கிறதா என்று பாருங்கள்.

செவுள்வலை: இந்த வலை மீன் நடமாடினால்தான் பிடிக்கும். திணறும் மீன் அதிகம் நடமாடாது. காற்றில்லாத கோடை நாட்களில் துரிசடி ஆழத்தில் அடிவரை தாழ்த்திய வலை வெறுமையாக வருவதன் காரணம், அங்கு மீன் வாழ ஒட்சிசன் இல்லாமையே. மேல் அடுக்கில் மிதக்கும்படி கட்டுங்கள். வலையில் அகப்பட்ட மீனால் பூவை விரித்துச் சுவாசிக்க முடியாது. ஒட்சிசன் குறைந்த சூடான நீரில் விரைவில் செத்துப் பழுதாகும். எனவே நள்ளிரவுக்கு முன் ஒருமுறை வலையைத் தூக்கிப் பாருங்கள். விடியும் வரை விட்டால் பாதி மீன் விலை போகாது.

வீச்சுவலையும் கரப்பும்: மீன் திணறிக் கூடும் காலையில் ஒரே வீச்சில் வலை நிறையும். அது திறமையால் கிடைத்த மீன் அல்ல. குளம் கெட்டதால் கிடைத்தது. பலர் இறங்கி மிதித்தால் அடிச்சேறு கிளம்பி, மிஞ்சிய மீனும் சாகும். அன்று ஒருவர் கூடை நிறையும். மாதக் கடைசியில் எவர் கூடையும் நிறையாது.

இரவு முழுதும் வலைவீசி ஒன்றும் கிடைக்காத கலிலேயா மீனவரை நாம் வேதாகமத்தில் அறிவோம். அந்த ஏரியிலும் திலாப்பியா இன மீன்கள் இன்றுவரை வாழ்கின்றன. கோடையில் அதன் அடிநீரிலும் ஒட்சிசன் அற்றுப்போகிறது. தொழில் தெரிந்தவருக்கும் வெறும் வலை வருவது உண்டு. வலையை மாற்றுமுன் நீரைப் பார்ப்பது நல்லது.

8. மீன் திணறும் காலையில்

செய்ய வேண்டியவை: தீனியையும் உரத்தையும் உடனே நிறுத்துதல், இயந்திரத்தை ஓட்டுதல், இல்லாவிடில் கரையில் நின்று வாளியால் மேல்நீரை அள்ளி உயர வீசுதல், நல்ல நீர் இருந்தால் சிதறவிட்டுச் சேர்த்தல். சிறு மடுவாயின் நாலைந்து பேர் மாறி மாறி வாளி வீசினால் பயன் உண்டு. பெருங்குளத்தில் அது எட்டாது.

செய்யக் கூடாதவை: குளத்தில் இறங்கிச் சேற்றைக் கலக்குதல், மாடுகளை இறக்குதல், வலை இழுத்தல். மீனைக் காக்க முடியாது என்று தெரிந்தால் மாத்திரம், பெரிய மீன்களை உயிரோடு இருக்கும்போதே கரையிலிருந்து பிடித்து, அன்றே விற்கவும் உப்பிட்டுக் கருவாடாக்கவும் வேண்டும்.

9. பொதுக் குளம், பொதுப் பொறுப்பு

குளத்து நீர் முதலில் பயிருக்கானது. ஆகவே மீன்குஞ்சு விடுமுன் கமக்காரர் அமைப்போடு பேசி, சிறுபோகத்துக்குத் துரிசு திறந்த பின்பும் மீனுக்கென எவ்வளவு நீர் நிறுத்தப்படும் என்பதைத் தீர்மானித்து எழுதிக்கொள்ளுங்கள். நீர் குறையக் குறைய மீனையும் படிப்படியாகப் பிடித்துக் குறைக்க வேண்டும். இருக்கும் நீருக்கு ஏற்ற மீனே இருந்தால் இயந்திரமே தேவைப்படாமல் போகலாம். குஞ்சுகளின் தொகை பற்றித் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையின் விரிவாக்க உத்தியோகத்தரிடம் ஆலோசனை பெறுங்கள்.

விடியற்காலையில் குளத்தைப் பார்ப்பதற்கு முறை வைத்துக்கொள்ளுங்கள். மப்பு நாட்களில் ஒரு வீட்டார் பழைய ஊரிலிருந்தும், ஒரு வீட்டார் புதிதாக வந்தவர்களிலிருந்தும் சேர்ந்து போவது நல்லது. இருவரும் ஒன்றாகக் கண்டதைப் பற்றிப் பின்னர் சந்தேகம் எழாது.

கூடிப் பேசுவதற்கு

1. எமது குளத்தில் கடந்த கோடையில் மீன் செத்ததா? முதல் மூன்று நாட்களின் காலநிலை எப்படி இருந்தது?
2. காற்று மோதும் கரை எது? களை மூடியிருக்கும் பகுதி எது? நிலத்தில் படம் வரைந்து காட்டுங்கள்.
3. இயந்திரமும் எண்ணெயும் யாரிடம் உண்டு? இரவு 2 மணிக்குத் தேவைப்பட்டால் யாரை எழுப்புவது?
4. மீன் திணறும் காலையில் வலை வீசுவதில்லை என்ற கட்டுப்பாட்டை எமது ஊர் ஏற்குமா? மீறினால் என்ன செய்வது?